பாக்ஸ்டரின் வளர்ச்சியைக் குதிரைத்திறனால் மட்டும் அளக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் போர்ஷே பாக்ஸ்டரைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இருவர் மட்டுமே அமரக்கூடிய, கூரையை மடக்கக்கூடிய ஒரு ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காருக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று முழுப் பக்கம் ஒதுக்கியது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. ஆயினும், 1996-இல் 204 குதிரைத்திறன், 2023-இல் 500 குதிரைத்திறன் என்று இரண்டு எண்களை எடுத்துக்கொண்டு, இடைப்பட்ட உயர்வே அந்தக் காரின் வளர்ச்சி என்று கட்டுரை முடித்துவிட்டது. போர்ஷேயின் பெயர்பெற்ற 911 காரை வாங்க வசதியில்லாதவர்களுக்காகச் செய்யப்பட்ட கார் இது என்றும், பாக்ஸ்டரின் எடை குறைத்த ஸ்பைடர் வகைகள் வசதி குறைந்தவை என்றும் ஓரிரு வரிகளில் தீர்ப்பும் சொல்லிவிட்டது. வாகனப் பொறியியலில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில் இதை மறுத்து எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன். இந்தக் காரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், எத்தனை குதிரைத்திறன் என்பதற்கு முன்பாக, எடை எவ்வளவு, அந்த எடை காரின் எந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

இதன் கதை 1996-இல் தொடங்கவில்லை. 1948-இல் ஆஸ்திரியாவின் கிமுண்ட் என்ற சிற்றூரில், போர்ஷே என்ற பெயரைத் தாங்கிய முதல் கார் சாலைக்கு வந்தது. அதுவும் இருவர் அமரும் திறந்த கார்தான். ஃபோக்ஸ்வாகனிலிருந்து எடுத்த, 35 குதிரைத்திறன் கொண்ட சிறிய எஞ்சின், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் பொருத்தப்பட்டிருந்தது. காரின் மொத்த எடை 585 கிலோ. விற்பனைக்கென்று 356 வரிசையைச் செய்தபோது, இடவசதிக்காகவும் செலவைக் குறைப்பதற்காகவும் எஞ்சினைப் பின் அச்சுக்கு அப்பால் தள்ளினார்கள். 911-உம் அந்த அமைப்பையே பெற்றுக்கொண்டது. ஆகவே, எஞ்சினை நடுவில் வைப்பது அந்த நிறுவனத்தின் முதல் எண்ணம்; பின்னால் வைப்பது பிறகு செய்துகொண்ட சமரசம். பாக்ஸ்டரை 911-இன் ஏழைத் தம்பி என்று அழைப்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகப் படிக்கிறார்கள்.

பந்தயக் களத்தில் அந்த முதல் எண்ணம் உயிரோடிருந்தது. 1953-இல் வெளிவந்த 550 ஸ்பைடரின் எடை ஏறத்தாழ 550 கிலோ. எர்ன்ஸ்ட் ஃபுர்மான் வடிவமைத்த ஒன்றரை லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சின் தந்த திறன் 110 குதிரைத்திறன். இன்றைய சாதாரணக் குடும்பக் கார்களே அந்த அளவு திறனைத் தருகின்றன. ஆனால் எந்தக் குடும்பக் காரும் 550 கிலோ எடையில் இல்லை. 1954-இல் இத்தாலியின் மில்லே மில்லியா பந்தயத்தில் ஹான்ஸ் ஹெர்மான் இந்தக் காரை ஓட்டிச் சென்றபோது, எதிரே ரயில்வே கேட் இறங்கிவிட்டது. நிறுத்துவதற்கு நேரமில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்த ஹெர்பர்ட் லிங்கேயின் தலைக்கவசத்தைத் தட்டிக் குனியச் சொல்லிவிட்டு, தானும் குனிந்துகொண்டு, கேட்டின் அடியிலேயே காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார், ரயிலும் வந்துகொண்டிருந்தது. அந்தத் துணிச்சலைப் பாராட்டுவதா கண்டிப்பதா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கார் தரையோடு எவ்வளவு ஒட்டிக் கிடந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வரைபடமும் காட்டாது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1956-இல் சிசிலியின் டார்கா ஃபுளோரியோ மலைச்சாலைப் பந்தயத்தில், தன்னைவிடப் பெரிய எஞ்சின்கள் கொண்ட கார்களை முந்தி, 550-இன் மேம்பட்ட வடிவத்தில் உம்பெர்டோ மாலியோலி முதலிடம் பெற்றார். அடுத்து வந்த பந்தயக் காரின் எண் 718. அந்த எண்ணை மறந்துவிடக் கூடாது. கதையில் அது மீண்டும் வரும்.

எஞ்சின் நடுவில் இருந்தால் என்ன நன்மை என்பதை ஒரு சிறு சோதனையால் யாரும் உணரலாம். நீண்ட கழி ஒன்றின் இரு முனைகளிலும் எடையைக் கட்டி, கழியின் நடுவைப் பிடித்து இடமும் வலமுமாக வேகமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். திருப்பவும் சிரமம், திருப்பிய பிறகு நிறுத்தவும் சிரமம். அதே எடையைக் கைப்பிடிக்கு அருகில் கட்டிக்கொண்டால் கழி மணிக்கட்டின் சொல் கேட்கும். கார் வளைவில் திரும்புவதும் இப்படித்தான். இதோடு, பிஸ்டன்கள் நிமிர்ந்து நில்லாமல் இருபுறமும் படுத்தவாக்கில் எதிரெதிராக அசையும் 'பாக்ஸர்' எஞ்சினைச் சேர்த்துக்கொண்டால், எடை நடுவில் இருப்பதோடு தாழ்வாகவும் இருக்கும். பாக்ஸ்டர் என்ற பெயரின் முதற்பாதியே அந்த எஞ்சினிலிருந்து வந்ததுதான். பிற்பாதி, இருவர் அமரும் திறந்த காரைக் குறிக்கும் 'ரோட்ஸ்டர்' என்ற சொல்லின் வால்.

1990-களின் தொடக்கத்தில் போர்ஷே நிறுவனம் கடும் நெருக்கடியில் இருந்தது. விற்பனை சரிந்து, நட்டம் பெருகி, வேறொரு பெரிய நிறுவனம் விழுங்கிவிடும் என்ற பேச்சு பரவலாக இருந்தது. அந்த நிலையில் 1993 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் ஒரு மாதிரிக் காரை வைத்தார்கள். கிராண்ட் லார்சன் வரைந்த அந்த வெள்ளி நிறச் சிறுகாரில் 550-இன் சாயலும் 718-இன் சாயலும் இருந்தன. அதற்குக் கிடைத்த வரவேற்பே அதை உற்பத்திக்குக் கொண்டுவந்தது. அதே காலத்தில் நிறுவனத்தின் தலைமைக்கு வந்த வெண்டலின் வீடெகிங், கையிருப்பையும் வீணையும் குறைக்கும் டொயோட்டா உற்பத்தி முறையில் தேர்ந்த ஜப்பானிய ஆலோசகர்களை ஸ்டுட்கார்ட்டின் சுஃபன்ஹௌசன் ஆலைக்கு வரவழைத்தார். உதிரிப் பொருள்கள் மலைபோல் குவிந்து கிடந்த உயரமான அலமாரிகளின் மேற்பாதியை அவரே வட்ட ரம்பத்தை எடுத்து அறுத்துத் தள்ளினார். தேவையற்ற கையிருப்பை இனி யாரும் அடுக்கி வைக்க முடியாது என்பதே அதன் பொருள். கைவினைப் பெருமையில் ஊறிய ஜெர்மன் தொழிலாளர்களுக்கு அது எளிதில் செரித்திருக்காது.

1996-இல் வந்த முதல் தலைமுறை, 986 என்ற உள் எண்ணைக் கொண்டது. இரண்டரை லிட்டர், ஆறு சிலிண்டர், 204 குதிரைத்திறன், 1,250 கிலோ. நூறு கிலோமீட்டர் வேகத்தை 6.9 நொடியில் தொட்டது. உச்ச வேகம் மணிக்கு 240 கிலோமீட்டர். அதுவரை காற்றால் குளிர்ந்த பாக்ஸர் எஞ்சின், சத்தக் கட்டுப்பாடும் புகைக் கட்டுப்பாடும் இறுகிக்கொண்டே வந்ததால் நீரால் குளிரும் எஞ்சினாக மாறியதும் இந்தக் காரில்தான். 911-க்கு அந்த மாற்றம் அடுத்த ஆண்டுதான் வந்தது. செலவைக் குறைப்பதற்காகப் புதிய 911-உம் பாக்ஸ்டரும் முன்பக்க அமைப்பையும் கதவுகளையும் முகப்பு விளக்குகளையும் பகிர்ந்துகொண்டன. பொரித்த முட்டையைப் போல இருக்கிறது என்று அந்த விளக்குகளைப் பலர் கேலி செய்தார்கள். ஆனால் அந்தப் பகிர்வு இல்லாவிட்டால் இரண்டு கார்களுமே வந்திருக்க வாய்ப்பில்லை. சொந்த ஆலை போதாமல் போனதால் 1997 முதல் 2011 வரை ஃபின்லாந்தின் ஊசிகௌபுங்கி நகரில் வால்மெட் ஆலையிலும் இதைச் செய்தார்கள். பாக்ஸ்டரும் அதன் கூரையுள்ள உடன்பிறப்பான கேமனுமாக இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் அங்கிருந்து வெளியேறின. நலிந்த நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியதில் இந்தக் காரின் பங்கைத் தங்கள் கட்டுரை ஒரு சொல்லால்கூடக் குறிப்பிடாதது எனக்கு வருத்தமே.

பணி நிமித்தம் ஸ்டுட்கார்ட்டில் சில காலம் தங்கியிருந்தபோது, உடன் பணியாற்றிய நண்பர் ஒருவர் தமது முதல் தலைமுறை பாக்ஸ்டரை ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கையில் கொடுத்தார். எஞ்சினைப் பார்க்கலாம் என்று முன்மூடியைத் திறந்தேன். அங்கே பெட்டி வைக்கும் பள்ளம்தான் இருந்தது. பின்மூடியைத் திறந்தேன், அங்கும் டிக்கிதான். அதன் ஓரத்தில் எஞ்சின் ஆயிலுக்கு ஒரு மூடி, குளிர்நீருக்கு ஒரு மூடி, அவ்வளவே. எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால், துணிக்கூரை மடங்கிக் கிடக்கும் இடத்துக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல் இருந்தது. ஆனால் பிளாக் ஃபாரஸ்ட் மலைச்சாலையில் கூரையை மடக்கிவிட்டு ஏறியபோது, கண்ணில் படாத அந்த எஞ்சின் தோளுக்குப் பின்னால் ஒரு கை தொலைவில் பேசத் தொடங்கியது. நிமிடத்துக்கு மூவாயிரம் சுழற்சியில் முணுமுணுப்பாக இருந்தது ஐயாயிரத்துக்கு மேல் ஓங்கிய பாட்டாக மாறும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால், முன்புறம் தனியாக, பின்புறம் தனியாக என்றில்லாமல் முழுக் காரும் என் இடுப்பை அச்சாகக் கொண்டு திரும்புவதைப் போல இருந்தது. 204 குதிரைத்திறன் எனக்குக் குறைவாகப் படவே இல்லை. அந்தக் காலைப் பொழுதுதான் இந்தக் கடிதத்தின் வேர்.

குறைகள் இல்லாமல் இல்லை. அவற்றை மறைப்பது காருக்கும் வாசகருக்கும் செய்யும் நியாயமாகாது. தொடக்கக் கார்களின் பின் கண்ணாடி உண்மையில் கண்ணாடியே அல்ல. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். குளிர்காலத்தில் அது விறைத்துவிடும். அதனால் கூரையைப் பாதி மடங்கும்போது நிறுத்தி, இறங்கிப் போய், கைவிளிம்பால் அந்தப் பிளாஸ்டிக்கின் நடுவே மெல்லத் தட்டி, ஒழுங்காக மடிய வைத்துவிட்டுத்தான் மீதியை மடக்குவார்கள். தட்டாமல் விட்டால் நிரந்தரச் சுருக்கம் விழும். 2003 மாடலில்தான் உண்மையான கண்ணாடி வந்தது. இதைவிடப் பெரிய குறை எஞ்சினுக்குள் இருந்தது. பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க்ஷாஃப்டின் சுழற்சியை வால்வுகளை இயக்கும் சங்கிலிகளுக்குக் கடத்தும் இடைத்தண்டின் ஒரு முனையைத் தாங்கிய பேரிங் தேய்ந்து உடைந்தால், வால்வுகளின் ஒழுங்கு குலைந்து முழு எஞ்சினும் பாழாகிவிடும். எல்லாக் கார்களிலும் அப்படி நேரவில்லை. நேர்ந்தவர்களுக்கு அது பேரிழப்பு. அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டு வழக்கே தொடர்ந்தார்கள். 2009 மாடலின் புதிய எஞ்சினில் அந்த இடைத்தண்டையே நீக்கிவிட்டார்கள். பழுதான உறுப்பை வலுப்படுத்துவதை விட்டு, அந்த உறுப்பே தேவையில்லாதபடி எஞ்சினை மறுபடி சிந்தித்தது சரியான பொறியியல் என்பது என் கருத்து. தங்கள் கட்டுரையோடு வந்த குதிரைத்திறன் அட்டவணையில் அந்த ஆண்டுக்கு நேரே 310 குதிரைத்திறன் என்ற எண் மட்டுமே இருந்தது.

இடைப்பட்ட மாற்றங்களை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாயிரத்து இருநூறு சிசி எஞ்சினோடு 252 குதிரைத்திறன் தந்த, அடிப்படை வகையைவிடத் திறன் கூடிய 'எஸ்' வகை 2000 மாடலாக வந்தது. 2004-இன் இறுதியில் இரண்டாம் தலைமுறையும், 2012-இல் மூன்றாம் தலைமுறையும் வந்தன. மூன்றாவதில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தொலைவு 6 சென்டிமீட்டர் கூடியது. உடற்கூட்டில் ஏறத்தாழ பாதி அலுமினியமானது. இங்கே ஒரு கணக்கைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். அடிப்படை வகையின் எடை 1996-இல் 1,250 கிலோ. 2016-இல் 1,335 கிலோ. இருபது ஆண்டுகளில் பாதுகாப்பு விதிகளும் காற்றுப்பைகளும் பெரிய சக்கரங்களும் மின்னணுக் கருவிகளும் சேர்ந்துகொண்டே போனபோதும், கூடியது 85 கிலோ மட்டுமே. குதிரைத்திறன் 204-இலிருந்து 300-ஆக உயர்ந்ததைவிட இந்த 85 என்ற எண்தான் எனக்கு வியப்பைத் தருகிறது. எஞ்சினைப் பெரிதாக்குவதற்குப் பணம் போதும். எடையைக் கட்டி நிறுத்துவதற்கு ஒவ்வொரு திருகாணியோடும் வாதாட வேண்டும்.

'வசதி குறைந்த' ஸ்பைடருக்கு வருகிறேன். 2009 இறுதியில் லாஸ் ஏஞ்சலஸ் கண்காட்சியில் அறிமுகமான பாக்ஸ்டர் ஸ்பைடரின் எடை 1,275 கிலோ. அன்றைய 'எஸ்' வகையைவிட 80 கிலோ குறைவு. மின்மோட்டாரால் மடங்கும் கூரையை எடுத்துவிட்டு, கையால் இழுத்து மாட்டும் மெல்லிய துணியை வைத்தார்கள். கதவுகளை அலுமினியத்தில் செய்தார்கள். ஏசியையும் வானொலியையும் விரும்பினால் மட்டும் வாங்கிக்கொள்ளும்படி விட்டார்கள். கதவின் உட்புறக் கைப்பிடிக்குப் பதிலாக ஒரு துணிப்பட்டை தொங்கியது. குதிரைத்திறனோ 320, 'எஸ்' வகையைவிடப் பத்து மட்டுமே கூடுதல். மழை வந்தால் வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, கூரையைத் தாமே மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது ஒரு குறையாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் அது வசதிக் குறைவு அன்று. 550-இன் இலக்கணத்துக்குத் திரும்பிப் போன ஒரு முடிவு. 2015-இல் வந்த அடுத்த ஸ்பைடர், 3.8 லிட்டர் எஞ்சினும் 375 குதிரைத்திறனும் பெற்றபோதும், கையால் மாற்றும் கியரோடு மட்டுமே விற்கப்பட்டது. இரண்டு கிளட்ச் கொண்ட தானியங்கிக் கியர் அதைவிட விரைவானது என்று தெரிந்தே அதைச் செய்தார்கள்.

வெளியேறும் புகையின் விசையால் காற்றை அழுத்தி ஊட்டும், 2016-இல் வந்த நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சினைப் பற்றி எழுதும்போது தங்கள் கட்டுரையாளர் 'துரோகம்' என்ற சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். அந்தச் சொல் மிகை. புகை விதிகளுக்கும் எரிபொருள் சிக்கனத்துக்கும் கட்டுப்பட்டு ஆறு சிலிண்டரைக் கைவிட்டபோது, காரின் பெயருக்கு முன்னால் 718 என்ற பழைய எண்ணைச் சேர்த்தார்கள். அந்தப் பழைய பந்தயக் காரிலும் எதிரெதிர்ப் பிஸ்டன்களைக் கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சின்தான் இருந்தது. ஆகவே மரபு அறுந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இரண்டு லிட்டரில் 300, இரண்டரை லிட்டரில் 350 குதிரைத்திறன் என்று எண்களும் கூடின. ஆயினும் குரல் போய்விட்டது என்பது உண்மை. ஆறு சிலிண்டரின் ஓங்கிய பாட்டுக்குப் பதிலாக ஒரு கரகரப்பு வந்தது. மிதிக்கும் காலுக்கும் பாயும் காருக்கும் இடையே டர்போ மூச்சு வாங்கும் ஒரு சிறு இடைவெளியும் வந்தது. எண்கள் கூடியும் ஆர்வலர்கள் மனம் வாடினார்கள் என்றால், குதிரைத்திறன் அட்டவணையால் இந்தக் காரை அளக்க முடியாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. நிறுவனமே அதை உணர்ந்தது. 2019-இல் 718 ஸ்பைடரில், டர்போ இல்லாத நான்கு லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின், 420 குதிரைத்திறனோடும் எண்ணாயிரம் சுழற்சியோடும் திரும்பி வந்தது. அடுத்த ஆண்டே 'ஜிடிஎஸ்' வகையும் அதன் 400 குதிரைத்திறன் வடிவத்தைப் பெற்றது.

கட்டுரை உச்சியில் நிறுத்திக் கொண்டாடிய 2023-இன் ஸ்பைடர் ஆர்எஸ் உண்மையிலேயே வியக்கத்தக்கது. 911 ஜிடி3-இன் எஞ்சின், ஒன்பதாயிரம் சுழற்சி, 500 குதிரைத்திறன், நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு 3.4 நொடி. ஆனால் அதன் எடை 1,410 கிலோ என்பதையும், கையால் கழற்றி மாட்டும் அதன் கூரை முழுதும் சேர்ந்து 18.3 கிலோதான் என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. 500 என்ற எண்ணுக்குப் பொருள் தருவது அந்த 1,410 தான். அதே 500-ஐ இரண்டு டன் காரில் வைத்தால் வேறு ஒரு பொருள்தான் கிடைக்கும்.

இப்போது அந்த வரிசை ஒரு திருப்பத்தில் நிற்கிறது. வாகனங்களின் இணையப் பாதுகாப்பு குறித்த புதிய விதிகள் நடைமுறைக்கு வந்ததால் 2024-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் 718-இன் பெரும்பாலான வகைகளின் விற்பனை நின்றது. பழைய மின்னணு அமைப்பை அந்த விதிகளுக்கேற்ப மாற்றுவது கட்டுப்படியாகவில்லை. அடுத்த தலைமுறை முழுவதும் மின்சாரத்தில் ஓடும் என்று நிறுவனம் 2022-இல் அறிவித்திருந்தது; உச்ச வகைகளில் பெட்ரோல் எஞ்சினும் இருக்கும் என்று பின்னர் அந்த முடிவைத் தளர்த்திக்கொண்டது. மின்கார்கள் பெரும்பாலானவற்றில் பேட்டரி தரை முழுவதும் பாய் விரித்ததைப் போலக் கிடக்கிறது. அதன் மேல் இருக்கை வைத்தால் ஓட்டுநர் உயர்ந்து போவார். ஆனால் 2021-இல் மியூனிக் கண்காட்சியில் காட்டிய மிஷன் ஆர் என்ற மின்சார மாதிரிக் காரில், பேட்டரியை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், பாக்ஸ்டரில் எஞ்சின் இருக்கும் அதே இடத்தில் அடுக்கியிருந்தார்கள். கிமுண்ட் சிற்றூரில் 35 குதிரைத்திறன் எஞ்சின் அமர்ந்திருந்த இடமும் அதுவே.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, வெளியிட்ட அட்டவணையில் எடைக்கென்று ஒரு பத்தியைச் சேர்த்து, திருத்திய வடிவத்தை அடுத்த வாகனப் பக்கத்தில் வெளியிட வேண்டும். மேலே தந்துள்ள எண்களைத் தாங்கள் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். இரண்டாவது, மின்சார பாக்ஸ்டர் விற்பனைக்கு வரும் நாளில் தங்கள் செய்தியாளர் எத்தனை குதிரைத்திறன் என்று கேட்பதற்கு முன்பாக, பேட்டரி எவ்வளவு எடை, அதை எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்